ஆன்டெனாவிலிருந்து ஆப் வரை: சிஞ்ச்வட்டில் தமிழ் டிவி வந்த கதை

சிஞ்ச்வட்டில் வாடகைக்கு வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் மூன்று கேள்வி கேட்கும். தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும்? ரயில்வே ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? கேபிளில் சன் டிவி வருமா? முதல் இரண்டையும் இன்றைக்கும் கேட்கிறோம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அது எப்படி மறைந்தது, அதோடு இன்னும் எதெல்லாம் மறைந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் ஆரம்பித்தது. மும்பைக்கு 1972-ல் வந்தது, சென்னைக்கு 1975-ல். புனே பக்கம் இருந்தவர்களுக்கு மும்பை நிகழ்ச்சிகள்தான், சிம்ஹகட் மலைமேல் இருக்கும் டவர் வழியாக. பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-ல் வந்தது. பின்னால் டெல்கோ, பஜாஜ் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வர, வேலை தேடி நம்மவர்களும் வந்து சேர்ந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, டிவியில் தமிழ் மட்டும் கிடைக்கவில்லை. மராத்தியும் இந்தியும்தான்.

1982-ல் தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போட ஆரம்பித்தார்கள். எல்லா மொழியும் சுற்றி வந்து தமிழின் முறை வருவதற்குள் பல வாரம் ஆகிவிடும். வருவதும் பெரும்பாலும் விருது வாங்கிய படமாக இருக்கும். ரஜினி படத்துக்கு ஏங்கியவர்கள் அதையும் விடாமல் பார்த்தார்கள், காதில் தமிழ் விழுந்தால் போதும் என்று! இங்கே நாற்பது வருஷமாக இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கேபிள்காரர் ராஜ்ஜியம்

1991 வளைகுடாப் போரை சிஎன்என் நேரடியாகக் காட்டியபோதுதான் நம் ஊர்களில் பலருக்கு டிஷ் ஆன்டெனா என்றால் என்ன என்று தெரிந்தது. அதே வருஷம் ஸ்டார் டிவி, 1992 அக்டோபரில் ஜீ டிவி. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. ஆரம்பத்தில் தினம் சில மணி நேரம்தான்.

ஆனால் வானத்தில் சிக்னல் இருந்தால் போதுமா? கேபிள்காரர் மனசு வைக்க வேண்டும். இங்கே அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன் (காமர்ஸ் படித்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது). ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் தனி டிஷ் வேண்டும், ஒவ்வொரு சானலுக்கும் தனி ரிசீவர் வேண்டும். பழைய டிவிப் பெட்டிகளில் எட்டு அல்லது பன்னிரண்டு பட்டன்தான். இருநூறு வீடு உள்ள தெருவில் பத்து வீடு தமிழ் என்றால், அந்தப் பத்து வீட்டுக்காக ஒரு மராத்தி சானலையோ இந்தி சானலையோ எந்த வியாபாரி எடுப்பான்?

அதனால் நம்மவர்கள் கூட்டமாகப் போனார்கள். மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் சேர்ந்து, "பையா, சவுத் சானல் போடுங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரே கட்டடத்தில் நாலு தமிழ்க் குடும்பம் இருந்தால் அங்கேயே வீடு தேடினார்கள். சங்கம், அய்யப்ப பூஜை மாதிரி, சன் டிவியும் வெளியூரில் தமிழர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது.

பிறகு 'சித்தி' (1999), 'மெட்டி ஒலி' (2002), 'கோலங்கள்' (2003) என்று சீரியல் காலம். வீட்டுக்கு ஒரு டிவி, ஒரு ரிமோட், அது பாட்டி கையில். ஹோம்வொர்க் எழுதும் பிள்ளைகள் காதில் வேண்டாம் என்றாலும் தமிழ் விழுந்துகொண்டே இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மொட்டைமாடிக் குடை

டிடிஎச் வந்ததும் கேபிள்காரர் ராஜ்ஜியம் ஆட ஆரம்பித்தது. 2003-ல் டிஷ் டிவி, 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை, 2007 கடைசியில் சன் டைரக்ட். ஒரே சாட்டிலைட் நாடு முழுவதும் அனுப்புவதால் மயிலாப்பூர்க்காரருக்கு வருவதெல்லாம் சிஞ்ச்வட்காரருக்கும் வரும். பத்து வீடா, ஒரு வீடா என்ற கேள்வியே இல்லை. என்னைக் கேட்டால் வெளியூர்த் தமிழனுக்கு உண்மையான விடுதலை இதுதான். நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அப்புறம்.

ஒரே தொந்தரவு மழை. பலத்த மழையில் இந்த சிக்னல் நிற்காது. புனே ஜூலை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகி கண்ணீர் விடும் நேரம் பார்த்துத் திரை நீலமாகிவிடும்.

2013-ல் புனே உட்பட 38 நகரங்களில் கேபிளும் டிஜிட்டல் ஆனது. அந்தச் சமயத்தில்தான் கமல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் காட்டப் போகிறேன் என்றார். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், திட்டம் நின்றுபோனது. ஏழே வருஷத்தில் காலம் அவர் பக்கம் வந்தது.

ஆப் காலம்

2015 பிப்ரவரியில் ஹாட்ஸ்டார், 2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ், டிசம்பரில் அமேசான் பிரைம், 2017 ஜூனில் சன் நெக்ஸ்ட். ஆனால் நடுவில் 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்ததே, அதுதான் சாவி. எம்பி எம்பியாக எண்ணிச் செலவழித்த டேட்டா சில மாதம் இலவசமாகவே கிடைத்தது. அது இல்லையென்றால் இத்தனை ஆப்பும் பணக்காரர் வீட்டுப் பொம்மையாகவே இருந்திருக்கும்.

2020 ஊரடங்கு மிச்சத்தை முடித்தது. மே 29-ல் ஜோதிகாவின் 'பொன்மகள் வந்தாள்' நேராக பிரைமில் வந்தது. நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த வருஷம் 'ஜெய் பீம்'. சென்னைக்காரருக்கும் நமக்கும் ஒரே நிமிஷத்தில் முதல் காட்சி! புதுப் படத்துக்காகத் தியேட்டர் தேடி ஊரைச் சுற்றும் வெளியூர்க்காரனுக்கு இது பெரிய சமாச்சாரம்.

சரி, எல்லாம் லாபம்தானே என்றால், பற்றுப் பக்கமும் ஒன்று இருக்கிறது.

இன்றைக்கு நம் வீடுகளில் பாட்டி டிவியில் சீரியல், அம்மா போனில் அதே சீரியலின் நாளை வரும் எபிசோட், பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கொரியத் தொடர். ஒருவர் பார்ப்பது அடுத்தவர் காதில் விழுவதில்லை. முன்னே பிள்ளைகளுக்குத் தமிழ் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஹால் வழியாக வந்தது. பள்ளியில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ், தெருவில் மராத்தி, இந்தி. தமிழுக்கு இருந்தது அந்த ஹால் ஒன்றுதான். அதுதான் இப்போது மௌனமாகிவிட்டது.

இதைவிட முக்கியமானது மொழி பட்டன். தமிழ்ப் படத்தையே இந்தியில் மாற்றிப் பார்க்கிறார்கள் நம் பிள்ளைகள். "அப்பா, இந்தியில் வேகமாகப் புரியுது" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சன் டிவிக்காகக் கையெழுத்து வாங்கிய காலத்தில் தமிழ் கிடைக்கவில்லை, ஆனால் வேண்டியிருந்தது. இப்போது ஒரு விரல் தூரத்தில் கிடைக்கிறது, வேண்டுவதற்குத்தான் ஆள் குறைகிறது.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி ஒரு படம், ஹால் டிவியில், ஆடியோ தமிழ் மட்டும். சப்டைட்டில் அனுமதி உண்டு. புரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேட்கலாம். கிராமத்துப் படமாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்கும், மூன்று மணிக் கணக்கில் ஓடும். பாட்டிதான் அகராதி. பையன் முனகிக்கொண்டுதான் உட்காருகிறான், ஆனால் உட்காருகிறான். போன வாரம் 'வெள்ளாமை' என்றால் என்ன என்று அவன் கேட்க, பாட்டி ஊர் வயலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். படம் அப்படியே நின்றது, யாரும் ரிமோட்டைத் தேடவில்லை.

துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி நண்பர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் எந்த மொழியில் வைத்துப் பார்க்கிறார்கள்? நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள், இங்கேயும் செய்து பார்க்கிறோம்.