நரம்பு: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

இன்றைய மருத்துவத் தமிழில் 'நரம்பு' என்பது மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் இடையே செய்தி கடத்தும் இழையைக் குறிக்கும் கலைச்சொல். இப்பொருள் சொல்லின் வரலாற்றில் மிகப் பிற்பட்டது. முந்தைய பொருள்கள் இன்னும் வழக்கில் இருப்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு இடராகிறது.

புறநானூற்றின் 278ஆம் பாடலில் முதிய தாயின் மெலிந்த தோளில் எழுந்து தெரிவது நரம்பு. மருத்துவர் இன்று நரம்பு என்பது அவ்வாறு தோல்மேல் புடைத்துத் தெரிவதன்று. ஆகவே அங்குச் சுட்டப்பெறுவது குருதிக் குழாயோ தசைநாணோ ஆதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் நீண்ட இழை என்பதே பழைய பொருளின் கரு எனலாம்.

யாழின் தந்தியும் நரம்பே. இப்பொருள் தொன்மையானது, தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா இசை நூலையே நரம்பைக் கொண்டு சுட்டுகிறது. பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் உரையாசிரியர் கூறுவர். பின்னர்த் தந்தியின் பெயர் அது எழுப்பும் ஒலிக்கும் ஆயிற்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழும் நரம்புகள் எனப்பட்டன. அவற்றின் உறவுகள் இணை, கிளை, பகை, நட்பு எனப் பகுக்கப்பட்டன. ஆதலின் சிலப்பதிகார உரையில் வரும் 'பகை நரம்பு' என்பதைத் தந்தி எனப் பெயர்ப்பது பிழை. அது சுரங்களுக்கிடையேயான உறவு.

கிரேக்கத்திலும் இதற்கு ஒத்த வரலாறு உண்டு. 'நியூரோன்' என்பது முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் உணர்வு நரம்புகளைத் தனியே இனங்கண்டபோதும் புதுச்சொல் படைக்கப்படவில்லை; பழஞ்சொல்லே நீண்டது. இந்தியின் கலைச்சொல்லான 'தந்த்ரிகா'வும் தந்தியோடு உறவுடையதே. தமிழிலோ நரம்பு என்பது உணர்வு இழைக்கு ஒதுக்கப்பட, 'தசைநாண்' என்ற சொல்லில் வில்லின் நாண் வேறு வழியாக உடலுக்குள் வந்து சேர்ந்தது.

துறைதோறும் பொருள் மாறுவதைப் பள்ளிப் பாடநூல்களிலேயே காணலாம். விலங்கியலில் குருதியை இதயத்திற்குக் கொண்டுவரும் குழாய் 'சிரை'. நரம்பு அதனின் வேறு. தாவரவியலிலோ இலையில் நீரும் உணவும் கடத்தும் குழாய்த் தொகுதியே நரம்பு. அதன் ஒழுங்கு 'நரம்பமைவு'. பெயரால் நரம்பு, தொழிலால் சிரைக்கு நெருங்கியது.

பேச்சு வழக்கு கலைச்சொல்லின் வரையறையை ஏற்கவே இல்லை. 'நரம்பு ஊசி' சிரையில் போடுவது. 'நரம்பு சுருட்டல்' காலின் சிரை நோய். 'நரம்புத் தளர்ச்சி' மட்டும் நரம்பு மண்டலத்தைச் சுட்டுவது. மலையாளத்திலிருந்து பெயர்ப்போர்க்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அங்கு 'ஞரம்பு' பேச்சில் குருதிக் குழாயையும் குறிக்கும். மருத்துவக் கலைச்சொல்லோ 'நாடி', அது தமிழர்க்குக் கையில் பார்க்கும் துடிப்பு. நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில் 'சிரை' என எழுதினால் பலர்க்குப் புரியாது. 'நரம்பு' என எழுதினால் மருத்துவர் கருதியது ஒன்று, நோயாளி கொண்டது மற்றொன்றாகலாம். அவ்விடத்தில் 'கையில் தெரியும் இரத்தக் குழாய்' என விரித்து எழுதுவதே தக்கது; கலைச்சொல் அகராதி அதற்கு இடந்தராவிடினும்.