பாப்பிப் பூவிலிருந்து கொடிநாள் வரை: போர்த் துயர நினைவும் முன்னாள் படைவீரர் நிதியும்

1921 நவம்பர் 11 அன்று பிரிட்டனின் தெருக்களில் 90 லட்சம் செயற்கைப் பாப்பிப் பூக்கள் விற்றுத் தீர்ந்தன. முதல் உலகப் போர் ஓய்ந்த மூன்றாம் ஆண்டு நினைவு நாள் அது. பூ விற்ற காசு 1,06,000 பவுண்டைத் தாண்டியது. சட்டையில் பூவைக் குத்திக்கொண்டவர் மாண்டவருக்கு அஞ்சலி செலுத்தினார். அதற்குக் கொடுத்த சில்லறை, உயிரோடு திரும்பி வேலையின்றி நின்றவருக்குப் போனது. துக்கமும் உதவியும் இப்படி ஒரே பூவில் முடிச்சுப் போடப்பட்ட வரலாற்றையும், குடியேற்ற நாடுகளில் அந்த முடிச்சு அவிழ்ந்து வேறு விதமாகக் கட்டப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மாண்டவருக்கான சடங்கை அரசுகள் விரைவாகவே அமைத்துவிட்டன. உயிரோடிருந்தவருக்கான ஆதரவோ கொடை என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. சடங்கின் போக்கை மாற்றியவர்கள் பெரும்பாலும் அதில் தங்களுக்கு இடம் கேட்டு வந்து நின்ற முன்னாள் படைவீரர்களே என்பது என் வாதம்.

போரில் பிரிட்டன் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. சடலங்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. பணக்காரர் பிள்ளைக்கு ஒரு விதி, ஏழை பிள்ளைக்கு ஒரு விதி என்று ஆகிவிடக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதனால் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அழுவதற்கு ஒரு கல்லறைகூட இல்லாமல் போயிற்று. வெற்றிடமாகக் கிடந்த அந்தத் துக்கத்துக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1919 ஜூலை 19 சமாதான நாள் அணிவகுப்புக்காகக் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் லண்டனில் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக எழுப்பிய வெற்றுக் கல்லறைச் சின்னம், மக்கள் குவித்த மலர்களால் நிரந்தரமாகிவிட்டது. கல்லில் கட்டிய சின்னம் 1920 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. பெயர் தெரியாத போர்வீரர் ஒருவரின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டதும் அன்றைக்குத்தான். இரண்டு நிமிட மௌனம் அதற்கு முந்தைய ஆண்டே வழக்கத்துக்கு வந்திருந்தது.

லண்டனில் அந்த முதல் அணிவகுப்பு நடந்த அதே ஜூலை 19 அன்று லூட்டன் நகரில் நடந்தது வேறு கதை. நகரப் பூங்காவில் மாண்ட தோழர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்த முன்னாள் படைவீரர்கள் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. நகரப் பெரிய மனிதர்களின் கொண்டாட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. கோபம் முற்றி, இரவோடு இரவாக நகர மன்றக் கட்டடமே எரிந்தது. நினைவேந்தல் வரலாறுகள் லண்டன் சின்னத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு லூட்டனுக்கு அடிக்குறிப்பு போடுவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் ஒரே நாளின் இரு முகங்கள். 1920களின் தொடக்கத்தில் அந்த இரண்டாவது முகம் லண்டன் சின்னத்தின் முன்பே வந்து நின்றது. வேலையற்ற முன்னாள் படைவீரர்கள் தங்கள் பதக்கங்களுக்குப் பக்கத்தில் அடகுக்கடைச் சீட்டுகளைக் குத்திக்கொண்டு அணிவகுத்தார்கள். அடகில் போனது சட்டையோ, சுவர்க் கடிகாரமோ, மனைவியின் மோதிரமோ, சீட்டு நெஞ்சில் தொங்கியது. செத்தவர்களை நினைக்கிறீர்கள், எங்களை மறந்துவிட்டீர்கள் என்பதுதான் அவர்கள் முறையீடு.

பாப்பி இந்தச் சூழலில்தான் வந்தது. குண்டு துளைத்துக் கிளறிய பிளாண்டர்ஸ் மண்ணில் செம்பாப்பி மண்டி வளர்ந்ததும், கனடா மருத்துவர் ஜான் மெக்ரே அதை 1915இல் கவிதையாக்கியதும் பலரும் அறிந்தவை. போர் ஓய்வதற்கு இரண்டு நாள் முன்பு, நியூயார்க்கில் மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை பட்டுப் பாப்பியை வாங்கி அணிந்து பிறருக்கும் கொடுத்தார். அதை நிதி திரட்டும் ஏற்பாடாக நாடு நாடாகக் கொண்டுசென்றவர் அன்னா கெரன் என்ற பிரெஞ்சுப் பெண். போரில் பாழான பகுதிகளின் பெண்களைக் கொண்டு பூ செய்வித்து விற்பது அவர் திட்டம். நான்கு சங்கங்கள் இணைந்து 1921 மே மாதம் உருவான பிரிட்டிஷ் லீஜன் அவரிடமிருந்தே இந்த யோசனையை எடுத்துக்கொண்டது. லீஜனின் தலைவர் ஃபீல்டு மார்ஷல் டக்ளஸ் ஹெய்க். 1994 வரை பாப்பியின் நடுப்பொட்டில் இருந்தது அவர் பெயர்தான். போருக்குப் பிறகு நாடாளுமன்றம் அந்த ஒருவருக்கு வெகுமதியாகக் கொடுத்த தொகை 1,00,000 பவுண்டு. முதல் பாப்பி நாளில் நாடே சேர்ந்து அனைத்து வீரர்களுக்குமாகத் திரட்டியது அதைவிடச் சற்றே அதிகம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

1922இல் மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் லண்டன் ஓல்டு கென்ட் சாலையில் ஐந்து மாற்றுத்திறனாளி வீரர்களுடன் பாப்பித் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு கையை இழந்தவரும் மற்றக் கையால் இதழையும் காம்பையும் பொருத்திவிடும்படி பூ வடிவமைக்கப்பட்டிருந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த வடிவமைப்புதான். வீரர் உதவி பெறுபவராக மட்டும் நிற்காமல் கூலி வாங்கும் தொழிலாளியாகவும் இருந்த இடம் அது.

இனி குடியேற்ற நாடுகள். பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் இந்தப் போரில் பணியாற்றினர். 74,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1931இல் திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட்டில் பொறிக்கப்பட்டவை 13,000 சொச்சம் பெயர்கள் மட்டுமே. தமிழகம் உட்படப் பல பகுதிகளின் ஊர்களில் பதிக்கப்பட்ட நினைவுக் கற்களில் பெயர் என்ற பேச்சே இல்லை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று கணக்கு மட்டும் இருக்கும். ஐரோப்பாவில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு என்ற கொள்கையோடு கல் நட்ட அதே பேரரசுதான் இங்கே தலைக்கணக்கோடு நிறுத்திக்கொண்டது.

இதே பாகுபாடு உண்டியலிலும் இருந்தது. அதை முதலில் தெருவில் வைத்துக் கேட்டது இலங்கை. நவம்பர் 11 அன்று கொழும்பில் பாப்பி விற்ற பணம் பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களுக்கே பெரிதும் பயன்பட்டது. அதே போரில் பங்கேற்ற இலங்கையர் கையில் வந்தது சொற்பம். 1930களின் தொடக்கத்தில் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் வீரர், பாப்பிக்கு எதிராக அதே நாளில் ‘சூரிய மல்’ விற்றுத் தேவையுள்ள இலங்கை வீரர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கத் தொடங்கினார். சூரிய மல் என்பது நம்மூர்ப் பூவரசம் பூ. வேலியோரத்தில் கிடைக்கும் மஞ்சள் பூ. கடல் கடந்து வர வேண்டியதில்லை.

1933இல் இந்தச் சிறு எதிர்ப்பு வேறு பரிமாணம் கொண்டது. கொழும்பில் ஆசிரியப் பணியாற்றிய ஆங்கிலப் பெண் டொரீன் யங், ‘பூக்களின் போர்’ என்ற பொருளில் தலைப்பிட்டு சிலோன் டெய்லி நியூஸில் கட்டுரை எழுதினார். இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தி, சொந்த நாட்டு வீரரை விட்டுவிட்டு அந்நிய நாட்டு வீரருக்குப் பணம் அனுப்புவதில் என்ன நியாயம் என்று கேட்டார். அவருடைய இனத்தாரே அவரைத் தூற்றினார்கள். தென்கொழும்பு இளைஞர் கழகம் இயக்கத்தைக் கையில் எடுத்தது. டொரீன் தலைவரானார், டெரன்ஸ் டி சில்வாவும் ராபின் ரட்னமும் இணைச் செயலாளர்கள். சிங்களரும் தமிழரும் ஒரே பூத்தட்டை ஏந்திய அபூர்வமான காலம் அது.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் உண்டு. பெரேராவின் கேள்வி, நிதி எந்த நாட்டு வீரனுக்குப் போகிறது என்பது. இளைஞர் கழகமோ ஏகாதிபத்தியத்தையும் போரையுமே எதிர்த்தது. அதே 1933இல் பிரிட்டனில் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் அமைதியின் பெயரால் வெள்ளைப் பாப்பியை வெளியிட்டது தற்செயல் அல்ல. அடுத்த போரின் நிழல் எல்லா இடத்திலும் விழுந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் வரை ஆண்டுதோறும் சூரிய மல் விற்றவர்கள் பாப்பிக்காரர்களோடு அதே தெருக்களில் போட்டியிட்டார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், சேர்ந்த தொகையும் பெரிதல்ல. ஆனாலும் தெரு வசூலை முறைப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு அரசு இதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் நிவாரணப் பணிக்கு இறங்கியவர்களில் இந்த இளைஞர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது இந்த வட்டத்திலிருந்துதான். அரசியல் ஆதாயம் உறுதியாகப் பெரிது. முன்னாள் வீரரின் கஞ்சிப் பிரச்சினை இந்தப் பயணத்தில் எங்கோ பின்தங்கிவிட்டது என்பதையும் ஆய்வாளர் சொல்லியாக வேண்டும்.

இந்தியா வேறு வழியை எடுத்தது. பாப்பியைக் கைவிட்டது, ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங்கின் அமைச்சகம் அமைத்த குழு, டிசம்பர் 7ஐப் படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்க முடிவெடுத்தது. பூவுக்குப் பதில் முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீல நிறங்களில் சிறு கொடி. உலகப் போரின் துயர நாளிலிருந்து நிதி திரட்டல் பிரிந்து, தனக்கென ஒரு தேதியைப் பெற்றது. பிரிட்டனில் தன்னார்வ அமைப்பு செய்த வேலையை இங்கே மாவட்ட நிர்வாகம் ஏற்றது. ஆட்சியர் முதல் கொடியை வாங்கித் தொடங்கிவைப்பார். மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வரும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கணக்கு வைக்கும். பள்ளியில் வகுப்பாசிரியர் கொடி ஸ்டிக்கரைக் கையில் கொடுத்து, வீட்டில் காசு வாங்கிவரச் சொன்னது தமிழகத்தில் படித்த பலருக்கும் நினைவிருக்கும். டொரீன் யங் 1933இல் குறை சொன்ன அதே பள்ளிக்கூட வசூல்! பணம் போகும் திசை மாறியது, வாங்கும் முறை மாறவில்லை. 1993இல் பாதுகாப்பு அமைச்சகம் பல தனித்தனி நல நிதிகளை ஒன்றாக்கிப் படைவீரர் கொடிநாள் நிதி என்று அமைத்தது. போரில் கணவரை இழந்தோர், உறுப்பிழந்தோர், வறுமையிலுள்ள முன்னாள் வீரர்கள் ஆகியோருக்கு இதிலிருந்து உதவி போகிறது.

எனினும் கொடிநாளால் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அது ஓய்வூதியம். 1973இல் மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த மாற்றங்களில் சிப்பாய்களின் ஓய்வூதிய விகிதம் 70 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைந்தது என்பது முன்னாள் படைவீரர் அமைப்புகள் ஓயாமல் சொல்லும் கணக்கு. ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றிய இருவரில், முன்னால் ஓய்வு பெற்றவர் குறைவாக வாங்கும் நிலைக்கு எதிராக எழுந்ததே ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் வயதான வீரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பரில் அரசு திட்டத்தை அறிவித்தும், அது தாங்கள் கேட்டதல்ல என்று நவம்பரில் பதக்கங்களைத் திருப்பித் தர முனைந்தவர்கள் உண்டு. அவர்கள் கொடியையோ பூவையோ கேட்கவில்லை. கொடை வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள் என்றார்கள்.

உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 16 தீர்ப்பில் அரசின் திட்டத்தில் அரசியலமைப்புக் குறை ஏதும் இல்லை என்றது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மறுநிர்ணயத்தை 2019 ஜூலை 1 முதல் செய்து, மூன்று மாதத்துக்குள் நிலுவையைக் கொடுக்கச் சொன்னது. நிலுவை வரவில்லை, அவகாசம் மேல் அவகாசம் கேட்கப்பட்டது. கடைசியாக 2023 மார்ச் 20 அன்று நீதிமன்றமே தவணை அட்டவணையை வகுத்தது. குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வீரதீர விருது பெற்றோருக்கும் ஏப்ரல் 30க்குள், 70 வயதைக் கடந்தவர்களுக்கு ஜூன் 30க்குள், மற்றவர்களுக்கு மூன்று சம தவணைகளாக 2024 பிப்ரவரி இறுதிக்குள்.