மரம் நட்டு இழந்த வளம்: மலையுச்சிப் புல்வெளிகளின் பல்லுயிரியம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், நிலம் இரண்டு உருவங்களில் அமைந்திருக்கிறது. நீர் கசியும் பள்ளங்களில் பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடு. அதைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு ஆகிய இடங்களில் இன்றும் இந்த அமைப்பைக் காணலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை மிகத் தெளிவானது. சில அடித் தூரத்தில் காடு முடிந்து புல் தொடங்கிவிடும். பல்லுயிரியம் என்றதும் அடர்ந்த காட்டையே நினைக்கும் வழக்கத்தால் இந்தப் புல்வெளிகள் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. அவை அழிந்ததற்குக் கோடரியை விட நாற்றுக்கூடையே பெரிய காரணம்.

சோலை மரங்களை மனிதர் வெட்டியதால் புல்வெளி உண்டானது என்ற கருத்து முன்பு வலுவாக இருந்தது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மக்கிய தாவரப் படிவுகளின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் பிறரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை அசைத்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது என்பதும், தட்பவெப்பம் மாறும்போதெல்லாம் காடும் புல்லும் மாறிமாறி விரிந்தும் சுருங்கியும் வந்தன என்பதும் அதனால் தெரியவந்தன.

இந்த எல்லையைக் காப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்குண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமற்ற இரவுகளில் திறந்த வெளியின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது. சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைத் தேக்கிக்கொள்வதால் கன்றுகள் தப்பிக்கின்றன. புல்வெளியில் விழுந்து முளைத்த சோலை மரக்கன்று அந்தக் குளிரைத் தாங்காமல் கருகிப்போகிறது. புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டி, காய்ந்த தாள்களுக்கு அடியில் இருக்கிறது. மேலே எல்லாம் பழுப்பேறினாலும் மழை வந்ததும் தளிர்த்துவிடும். காட்டுப் பூவரசு போன்ற மிகச் சில மரங்களே புல்வெளியில் தனித்து நிற்கக் கூடியவை. அதன் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் உள்ளன.

இத்தகைய இடத்துக்கென்றே உருவான உயிர்கள் வேறிடம் போக முடியாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதற்கு மேயக் குட்டைப் புல்லும், ஆபத்து வந்தால் தாவி ஏறச் செங்குத்துப் பாறையும் வேண்டும். இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை புல்தூர்களுக்கு இடையே தரையில் கூடு கட்டுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தச் சரிவுகளில் வளர்கிறது. சோலையின் உயிர்களும் இதே போலக் கட்டுண்டவைதான். சோலைப் புதர்களில் வாழும் நீலநிறச் சிட்டான்களுக்கு 2017-இல் ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். கடலில் தீவுகள் போல இந்த மலையுச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருப்பதே அதற்குக் காரணம். ஓர் உச்சியில் அழிந்த உயிருக்கு அடுத்த உச்சி ஈடாகாது.

இந்த வளத்தால் சமவெளிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு நீரே விடை. பவானி, மாயாறு, பைக்காரா ஆகியவற்றின் ஊற்றுகள் நீலகிரியின் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் சோலைகளிலும் உள்ளன. உதகைக்கு அருகே கிளென்மார்கனில் மண், நீர்வள ஆய்வு நிலையம் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நீண்டகாலம் அளந்தது. புல்வெளியின் ஒரு பகுதியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டதும் ஓடைக்கு வரும் ஆண்டு நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. மரம் இருந்தால் நீர் பெருகும் என்ற பொதுநம்பிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது நேரடிச் சான்று.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்ததைத் தொடர்ந்து ஐரோப்பியக் குடியிருப்புகள் பெருகின. விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் கொண்டுவரப்பட்டன. ஆனால் பேரழிவு நிகழ்ந்தது விடுதலைக்குப் பின்னர்தான். தோல் பதனிடச் சீகைப்பட்டை, செயற்கைப் பட்டுக்குக் கற்பூர மரக்கூழ் என்று ஆலைகளின் தேவை வளர்ந்தபோது, புல்வெளி பயனற்ற நிலமாகக் கணக்கில் வந்தது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த நிலமும், அவர்களுடைய கோயில்களின் கூரைக்குப் புல் தந்த சதுப்பும் அதே கணக்கில் அடங்கின. அந்த நிலத்தை உயிரோடு வைத்திருந்தவர்களின் அறிவு ஒரு பொருட்டாகக் கருதப்படாதது பெரும் அநீதி.

நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் குளிருக்குப் பழகிய அந்த மரத்தின் கன்று நீலகிரியின் உறைபனியிலும் பிழைத்துக்கொள்கிறது. சோலை மரத்தைத் தடுத்துவந்த வேலி அதற்கு வேலியே இல்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வளமற்ற மண்ணிலும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயோ வெட்டோ நேர்ந்தவுடன் கூட்டமாக முளைக்கின்றன. நிழல் விழுந்த இடத்தில் புல் சாகிறது. வரையாட்டுக்கு மேய்ச்சலும் போகிறது, பகைவிலங்கைத் தொலைவிலிருந்தே காணும் திறந்தவெளியும் போகிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் பறிபோனதை 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது.

நிலப் பயன்பாட்டு மாற்றம், நேரடிச் சுரண்டல், காலநிலை மாற்றம், மாசு, அயலினப் படையெடுப்பு ஆகிய ஐந்தையும் உலகளாவிய பல்லுயிர் இழப்பின் முதன்மைக் காரணங்களாக ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியல் மன்றம் 2019-இல் பட்டியலிட்டது. மலையுச்சியில் இவை தனித்தனியே செயல்படுவதில்லை. தேயிலைத் தோட்டமும் சாலையும் புல்வெளியைத் துண்டாக்குகின்றன. துண்டின் ஓரங்கள் வழியே சீகை நுழைகிறது. உறைபனி நாட்கள் குறையக் குறைய எல்லை மேலும் தளரும். உச்சியில் வாழும் உயிர்களுக்கு இன்னும் மேலே ஏற இடமில்லை.

ஆகவே, கார்பனைச் சேமிக்க எங்கும் மரம் நடலாம் என்ற இன்றைய ஆர்வம் இங்கே கவலைக்குரியது. புல்வெளி தன் கார்பனின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது. காட்டுத்தீ அதை எளிதில் தொடாது. நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தச் சேமிப்பு கண்ணில் படாது.

அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வகுத்தது. அதே ஆண்டில் வரையாடு திட்டமும் அறிவிக்கப்பட்டது. அகற்றும் முறையில்தான் கவனம் தேவை. முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரே மூச்சில் வெட்டினால், வெயில் பட்ட மண்ணில் உறங்கிய விதைகள் முன்னிலும் அடர்த்தியாக எழும். பழனி மலையின் பழைய தோட்டங்கள் சிலவற்றில், சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. அவ்விடங்களை வெட்டாமல் விட்டுச் சோலையாக மாறவிடுவதே பொருத்தம். முதல் உழைப்பு எஞ்சிய புல்வெளிகளின் ஓரங்களுக்குப் போக வேண்டும். அங்கே சிதறி முளைத்த இளங்கன்றுகளை வேரோடு பிடுங்கக் குறைந்த ஆட்களும் குறைந்த செலவும் போதும். பத்தாண்டு தாமதித்தால் அதே இடத்துக்கு இயந்திரம் வேண்டியிருக்கும். பிடுங்கிய இடத்தை ஆண்டுதோறும் திரும்பப் பார்த்தாக வேண்டும். புல் முற்றிலும் அழிந்த சரிவுகளில் உள்ளூர்ப் புல்லினங்களின் தூர்களை நாற்றங்காலில் பெருக்கி நடுவதுதான் மிஞ்சிய வழி. அந்தப் பணி மெதுவானது, தொடர்ந்து பல ஆண்டுகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டால் மட்டுமே நிறைவேறக் கூடியது.