புணே கண்ட கொள்ளைநோய்

பிழைப்பு நாடிப் புணே நகருக்கு வந்த நாம், கணேஷ்கிண்ட் சாலை வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். அச்சாலை ஒரு கொள்ளைநோயின் வரலாற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது என்பதை நம்மிற் சிலரே அறிவோம்.

1896 ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், சில திங்களிலேயே புணேயிலும் பரவிற்று. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. அடுத்த திங்களில் ராண்டு என்னும் ஆங்கிலேய அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு பணி தொடங்கியது. மார்ச் 13 முதல் படைவீரர் வீடுவீடாகச் சோதனையிட்டனர். நோயுற்றோர் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் ஒதுக்கு முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

நோயாளரைப் பிரித்து வைத்தலே தவறென்று நாம் கூறோம். அதைச் செய்த முறையே தவறு. அந்நியப் படைவீரர் அடுக்களையிலும் பூசையறையிலும் புகுந்ததை மக்கள் மானக்கேடாகக் கருதினர். விளைவு யாது? நோயாளரை ஒளித்து வைத்தனர். ஒளித்த நோய் பரவாதிருக்குமோ? எலியின் தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புகிறது என்பதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்ததும் 1898 இல்தான்.

1897 ஜூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிய ராண்டு, சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். உடன் வந்த அயர்ஸ்ட் என்னும் படை அதிகாரியும் மாண்டார். சாபேகர் சகோதரர் மூவரும் தூக்குமேடை ஏறினர்.

அதே கொள்ளைநோய்க் காலத்தில், நகருக்கு வெளியே தம் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்தில் தொண்டாற்றினார் சாவித்திரிபாய் பூலே. அவரும் நோயாளரை வீட்டினின்று அகற்றியவரே. ஆயின் தம் கைகளால் தாங்கிச் சென்றார். அந்நோயே அவரையும் பற்ற, 1897 மார்ச் 10 அன்று உயிர் துறந்தார்.

அன்றைய ஆளுநர் மாளிகை 1949 இல் பல்கலைக்கழகமாயிற்று. 2014 இல் அதற்குச் சாவித்திரிபாயின் பெயர் சூட்டப்பட்டது. 2020 இல் கொரோனா பரவியபோது அதே 1897 ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் இதனின்று அறிவது ஒன்றுண்டு. சட்டம் கதவைத் திறக்கச் செய்யும். உள்ளே நோயாளர் இருக்கிறார் என்று சொல்லவைப்பது அன்பும் நம்பிக்கையுமே.