பட்லர் இங்கிலீஷ் யாருடைய இங்கிலீஷ்?

தி.நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் தப்பாக ஆங்கிலம் பேசுகிறவரை மட்டம் தட்ட இன்றும் ஒரு சொல் இருக்கிறது: 'பட்லர் இங்கிலீஷ்'. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். இந்தச் சொல்லுக்குப் பயந்தே இன்டர்வியூவில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வசவு பிறந்த ஊர் மதராஸ். அதன் வரலாறு நம் வரலாறும்கூட.

1886இல் ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் இருவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி வெளிவந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளையர் பேச்சில் புழங்கிய சொற்களின் தொகுப்பு அது. பர்னெல் மதராஸ் மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், சமஸ்கிருத அறிஞர். அந்த அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்பதற்குத் தனிப் பதிவு உண்டு. மதராஸ் மாகாண வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்பது விளக்கம். 'ஐ டெல்லிங்' என்றால் சொல்வேன். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். 'ஃபேமிலி' என்றால் மனைவி.

தமிழ்க் காதோடு கேட்டால் இதில் உடைசல் எதுவும் இல்லை. 'சொல்லிவிட்டேன்' என்பதில் 'விட்டேன்' செய்யும் வேலையைத்தான் அங்கே 'டன்' செய்கிறது. மனைவியைப் பெயர் சொல்லாமல் 'வீட்ல' என்று சொல்கிற பழக்கம்தான் 'ஃபேமிலி' ஆகியிருக்கிறது. இன்னொன்றையும் அகராதி விசித்திரம் என்று குறித்து வைத்திருக்கிறது: எஜமானர்களும் வேலைக்காரர்களிடம் இதே ஆங்கிலத்தைத்தான் பேசினார்களாம்! இரண்டு பேர் சேர்ந்து பேசிய மொழி. அவப்பெயர் மட்டும் ஒருவர் தலையில்.

அந்த ஒருவர் யார்? மாட்டுக்கறி சமைக்கவும் எச்சில் தட்டைக் கழுவவும் சாதி இந்துக்கள் முன்வராத வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்களில் பறையர்கள் ஏராளம். குமாஸ்தாக்களின் ஆங்கிலத்தையும் வெள்ளையர்கள் 'பாபு இங்கிலீஷ்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி இங்கே மறைந்துவிட்டது. சமையலறைக் கேலி மட்டும் மறையவில்லை. சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியைச் சுட்டும் வசதி அதில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய அறிஞர்கள் எல்லோரும் இதை வெறும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஹியூகோ சூகார்ட், கலப்பில்லாத மொழியே கிடையாது என்று வாதாடியவர். இந்திய ஆங்கில வகைகளைப் பற்றி 1891இல் அவர் எழுதிய கட்டுரையில் மதராஸ் பட்லர் இங்கிலீஷுக்கும் இடம் உண்டு. இலக்கணம் தேடத்தக்க பேச்சு என்றே அதை எடுத்துக்கொண்டார்.

பட்லருக்கு வேறு என்ன தெரிந்திருந்தது என்பதற்குப் பண்டிதர் அயோத்திதாசரிடம் பதில் இருக்கிறது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு சுவடிகள் அந்தத் துரை வழியாக எல்லீஸிடம் போய்ச் சேர்ந்தன என்று பண்டிதர் பதிவு செய்கிறார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதிய அதே எஃப்.டபிள்யூ. எல்லீஸ்தான், குறளை மொழிபெயர்த்து உரையும் எழுதியவர். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கந்தப்பன் பெயரைத் தலித் எழுத்துகளுக்கு வெளியே எத்தனை இடத்தில் படித்திருக்கிறீர்கள்?

இனி அடையாற்றுக்கு வருவோம். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1886இல் அங்கே ஒரு நூலகத்தைத் தொடங்கினார். கீழைத்தேயச் சுவடிகளும் மேலைத்தேய நூல்களும் அங்கே குவிந்தன. 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. அதிகம் பேர் திரும்பிப் பார்க்காத காலத்தில் செய்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பாடம் எழுத்து, கணக்கு, சமையல், கொஞ்சம் ஆங்கிலம் என்ற அளவில்தான். நூலகம் வரை அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோவது திட்டத்தில் இல்லை.

1901இல் வந்த மயிலாப்பூர் பள்ளிக்கு வைத்த பெயர் திருவள்ளுவர் பள்ளி. குறள் சுவடியைக் கொடுத்த பட்லரின் பேரன் அப்போது பக்கத்தில், ராயப்பேட்டையில்தான் சாக்கிய பௌத்த சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். 1907இல் அங்கிருந்துதான் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது.