தங்கத் தாத்தா வார்த்த கூழ்

நேயர்களே, ஈழத்துப் புலவர் வரலாறு எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவருக்குச் சில பக்கங்களாவது ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதியை அவருடைய கலம்பகமும் சிலேடை வெண்பாவும் நாடகமும் பிடித்துக்கொள்ளும். சிறுவருக்கும் பாடினார் என்பது கடைசியில் ஒட்டுப்போட்டதுபோல் வரும். ஊருக்குள் போய்க் கேட்டால் கணக்குத் தலைகீழாக இருக்கும். அட்டகிரிக் கலம்பகத்தின் பெயரைக் கேட்டறியாத கிழவியும் ஆடிப்பிறப்புப் பாட்டைக் கடைசி அடிவரை பாடிக் காட்டுவார். எந்தக் கணக்குச் சரியானது என்பதே இன்றைய உரையின் விஷயம்.

புலவர் 1878ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி மானிப்பாயை அடுத்த நவாலியில் பிறந்தார். மறு ஆண்டில், 1879இல், நல்லூர் ஆறுமுக நாவலர் மறைந்தார். நாவலர் விட்டுச்சென்ற யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம். அன்றைய பிள்ளைகளின் கையில் இருந்தவை ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நாவலரின் பாலபாடங்கள். எல்லாம் அருமையான நூல்கள். ஆனால் எல்லாமே மேலிருந்து கீழே பேசுபவை: பெரியவர் சொல்வார், பிள்ளை கேட்கவேண்டும். சோமசுந்தரப் புலவரும் அந்த மரபில் ஊறியவர்தான். வட்டுக்கோட்டை இந்துப் பாடசாலையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். கந்தபுராணக் கதைகளுக்குத் தத்துவக் கருத்து எழுதினார். கதிரைச் சிலேடை வெண்பா, நாமகள் புகழ்மாலை, பனையின் பெருமை கூறும் தாலவிலாசம், உயிரிளங்குமரன் நாடகம் என்று அவர் இயற்றியவை பல. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார் என்பர். இவற்றுள் பலவற்றை இன்று உரையாசிரியர் துணையின்றி வாசிப்பது கடினம்.

அந்தப் புலவரே, செய்யுட் செருக்கை முற்றத்தில் கழற்றி வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து குந்திக்கொண்டதுபோல் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடினார்.

அந்தப் பாட்டைப் பாடுபவர் யார் என்று கவனித்தீர்களா? தாத்தா அல்ல. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற மகிழ்ச்சியில் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டுச் சொல்கிறது. ஆடி மாதம் பிறப்பது சூரியன் தென்திசை நோக்கும் காலத்தின் தொடக்கம் என்றும், அது தட்சிணாயன புண்ணிய காலம் என்றும் புலவருக்குத் தெரியாததல்ல. ஒரு சொல்லாவது அதைப்பற்றி அந்தப் பாட்டில் இல்லை. பிள்ளைக்கு அதுவா முக்கியம்?

பாட்டின் உடம்பு முழுவதும் வேலைதான். பயறு வறுத்துக் குத்துவது, பச்சையரிசி இடித்துத் தெள்ளுவது, மாவைப் பதமாக வறுப்பது, தேங்காய் உடைத்துத் துருவுவது, சர்க்கரை கலப்பது, மாவைக் குழைத்துக் கிள்ளித் தட்டி உள்ளே இனிப்பு வைப்பது, கொழுக்கட்டை அவிப்பது, பிறகு தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் மாவுண்டையும் பயறும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவது. ஒழுங்கு தவறவில்லை. அடுப்படியை ஆண்கள் எட்டியும் பார்க்காத காலத்தில் ஒரு பண்டிதர் இவ்வளவையும் கைப்பக்குவம் மாறாமல் பார்த்து வைத்திருந்தார் என்பதே எனக்கு இன்றும் வியப்பு. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒருத்தி இந்தப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கூழ் காய்ச்சலாம் என்று நான் துணிந்து சொல்வேன். உப்பை மட்டும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும்!

இத்தனை வேலையும் தாயினுடையது. பிள்ளைக்கு என்ன வேலை? அங்கேதான் புலவரின் கண் நிற்கிறது. பிள்ளை ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து, மடித்துக் கோலிக்கொண்டு நிற்கிறது. அன்னை அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். குழந்தை உலகத்தில் பெரியவர்களின் வேலைக்கும் பிள்ளையின் வேலைக்கும் உள்ள எல்லை அந்த இலையளவுதான். அதைக் கண்டு எழுதுவதற்கு இலக்கணப் புலமை உதவாது. வேறொன்று வேண்டும்.

நம் தம்பலகாமத்து நேயர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது கத்தரித் தோட்டத்து வெருளி. தமிழகத்தார் சோளக்கொல்லைப் பொம்மை என்பதைத்தான் நாம் வெருளி என்கிறோம். வயலை நம்பி வாழும் ஊரில் வெருளியைப் பார்க்காத பிள்ளை இராது. புலவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சேவகனே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கூலி வாங்காமல், இமை கொட்டாமல், நித்திரை கொள்ளாமல் காவல் புரியும் அதன் கடமையைப் புகழ்கிறார். பிள்ளை சிரிக்கும். கூலி வாங்கிக்கொண்டு தூங்குகிற காவற்காரரைக் கண்ட பெரியவர் வேறுவிதமாகச் சிரிப்பார். ஒரே பாட்டு இரண்டு வயதுக்கும் பேசுகிறது.

பவளக்கொடி என்ற பாட்டின் கதை உலகம் சுற்றிய கதை. பாற்குடத்தைச் சுமந்து சந்தைக்குப் போகும் பெண், பால் விற்ற காசில் என்னென்ன வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டே போய், அந்தப் பெருமிதத்தில் தலையை அசைக்கப் பாலெல்லாம் கொட்டிப்போகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் இதனைப் பாடினார். பஞ்சதந்திரத்தில் மாப்பானையோடு மனக்கோட்டை கட்டும் பிராமணனும் இவளுடைய உறவினன்தான். புலவரின் கையில் அவள் நம்மூர்ப் பெண்ணாகிவிட்டாள். பெயர் நம்முடையது, தோழிமார் நம்முடையவர்கள். இரவல் கதை என்று எந்தப் பிள்ளையும் சந்தேகப்படாது. இலவு காத்த கிளி, எலியும் சேவலும், தாடி அறுந்த வேடன் ஆகியவையும் இந்த வரிசையில் வருவன. இந்தப் பாட்டுகளால்தான் அவருக்குத் தங்கத் தாத்தா என்ற பெயர் நிலைத்தது. சங்கமோ மடமோ கொடுத்த பட்டங்களைவிட அது நெடுங்காலம் வாழ்கிறது.

இவர் தனிமரமாக நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாரதியாரின் பாப்பாப் பாட்டு 1915இல் வந்து வழி திறந்துவிட்டது. நாஞ்சில் நாட்டில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். கவிமணி 1876இல் பிறந்து 1954இல் மறைந்தவர்; நம் புலவர் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். கடலுக்கு இருபுறமும் ஒரே தலைமுறை. யாழ்ப்பாணத்தில் வித்தியாதரிசி க. ச. அருள்நந்தி அவர்களின் முயற்சியால் பிள்ளைப்பாட்டு என்னும் தொகுப்பு 1935இல் வெளியாயிற்று. பிள்ளைகளுக்குப் பாட்டு வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடங்களே உணரத் தொடங்கிய காலம் அது. அந்த அலையில் எழுதியவர்கள் பலர். நம் மாவட்டத்திலும் பிற்காலத்தில் ஆலங்கேணி தந்த கேணிப்பித்தன் ச. அருளானந்தம் சிறுவருக்கென்றே பல நூல்கள் எழுதினார்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். புலவரின் மைந்தர் பண்டிதர் சோ. இளமுருகனார் பெரும் தமிழறிஞர். அறுபதுகளில் ஈழத்து எழுத்துலகில் மரபுப் போராட்டம் எழுந்து, பேச்சு வழக்கை இலக்கியத்தில் புகுத்தலாமா என்ற வாதம் சூடுபிடித்தபோது, கூடாது என்று முழங்கியவர்களின் முன்வரிசையில் நின்றவர் அவர். தந்தையாரோ அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வெருளியையும் பனங்கட்டியையும் செய்யுளுக்குள் அழைத்து வந்து ஆசனம் கொடுத்துவிட்டார். இருவருமே தமிழுக்காகத்தான் பேசினார்கள். ஆனாலும் தீர்ப்பைப் பிள்ளைகள் முன்னரே எழுதிவிட்டார்கள்.

புலவர் 1953ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி காலமானார். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. சிறுவர் செந்தமிழ் என்ற தொகுப்பு 1955இல் அச்சாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பாடல்கள் பாடநூல் வழியாகவும், அதைவிட அதிகமாக வாய்வழியாகவும் பரவின.

பாட்டில் ஒரு சொல் இருக்கிறது: விடுதலை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அதுதான் பெயர். அந்த நாளில் ஆடிப்பிறப்பன்று அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. பின்னர் அந்த விடுமுறை இல்லாமற் போயிற்று. அந்தச் சொல்லும் எண்பதுகளுக்குப் பிறகு வேறு பாரங்களைச் சுமக்கத் தொடங்கிற்று. விடுமுறை என்ற பொருளை அறியாமலே அந்த அடியைப் பாடி வளர்ந்த பிள்ளைகள் பலர்.

1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, புலவரின் நினைவு நாளுக்கு முதல்நாள், நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆடி பிறந்தபோது அந்த ஊரில் எந்த வீட்டில் கூழ் காய்ச்சியிருப்பார்கள்? ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தது. மூட்டை கட்டும்போது சிறுவர் செந்தமிழை எடுத்து வைத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பாட்டை எடுத்து வைக்கத் தேவையில்லை. அது நாவில் இருந்தது.

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்ப் பள்ளிகளின் ஆடிப்பிறப்பு விழாக்களில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஆசிரியர்கள் அங்கே நின்று விளக்கவேண்டியிருக்கிறது: பனங்கட்டி என்றால் இது, அகப்பை என்றால் இது என்று. பலாவிலையைக் கோலுதல் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு, இலையைச் சுருட்டி ஈர்க்குக் குத்திக் கையில் பிடித்துக் காட்டவேண்டும். நம்மூர்ப் பிள்ளைகளிலும் பலருக்கு அதைச் செய்து காட்டத்தான் வேண்டியிருக்கிறது.