இரைன் ஆற்றின் இரு வெட்டாறுகள்: 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையும் செலவுப் பங்கீடும்

ஓர் ஆறு இரு நாடுகளுக்கு எல்லையாய் அமையுமிடத்து, அதன் நீரைப் பங்கிடுதல் பற்றி எழும் வழக்குகளை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. மிகுநீரை வடித்தல் பற்றி எழும் வழக்குகளோ அத்துணை விரிவாகப் பேசப்படவில்லை. இவ்விரண்டும் தன்மையால் வேறுபட்டவை. நீர் குறையுங்கால் இரு கரையாரும் ஒன்றையே வேண்டுவர். நீர் பெருகுங்கால் ஒவ்வொரு கரையாரும் அதனை எதிர்க்கரைக்குத் தள்ளவே விழைவர். முன்னதில் பங்கு கேட்டு வழக்கு; பின்னதில் பங்கு வேண்டாவென வழக்கு. இப்பின்னதற்கு ஐரோப்பிய வரலாறு தரும் சிறந்த சான்று, சுவிட்சர்லாந்தும் ஆசுத்திரியாவும் இரைன் ஆற்றைத் திருத்துதற்பொருட்டு 1892ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையாகும். அவ்வுடன்படிக்கை காலந்தாழ்ந்து தோன்றியமைக்குக் காரணம் யாது, தோன்றியபின் அது நிலைத்தமைக்குக் காரணம் யாது என்னும் இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இரைன் ஆற்றின் இரு தலைக்கிளைகளும் சுவிட்சர்லாந்தின் இரைக்கனாவு என்னுமிடத்தில் கூடுகின்றன. அங்கிருந்து போடன் ஏரியை அடையும் வரையுள்ள ஏறத்தாழ 90 கிலோமீட்டர்ப் பகுதி 'மலை இரைன்' எனப்படும். இதன் கீழ்ப்பகுதியில் இடக்கரை சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மாநிலத்திற்கு உரியது. வலக்கரையில் முதற்கண் லீக்டன்சுடைன் என்னும் சிறுநாடும், அதன்பின் ஆசுத்திரியாவின் போரார்ல்பெர்க்கு மாநிலமும் உள்ளன. மலையினின்று இறங்கும் ஆறு பெருமளவு சரளையும் மணலும் கொணர்கின்றது. சமவெளியில் வளைந்து வளைந்து செல்லுமிடத்துச் சரிவு குறைகின்றது. சரிவு குறையவே சரளையை உந்திச் செல்லும் ஆற்றலும் குறைகின்றது. ஆற்றின் அடித்தளம் ஆண்டுதோறும் உயர்கின்றது. மக்கள் கரையை உயர்த்தினர். அடித்தளம் மேலும் உயர்ந்தது. நாளடைவில் ஆறு, தான் பாயும் பள்ளத்தாக்கின் வயல்களினும் உயர்ந்து ஓடலாயிற்று. பக்க ஓடைகள் ஆற்றிற் கலக்க வழியின்றித் தேங்கின. நிலம் சதுப்பாயிற்று, முறைக்காய்ச்சல் பரவிற்று. ஆகவே இங்கு வெள்ளத் தடுப்பும் நிலவடிப்பும் வேறுவேறு பணிகளல்ல என்பது உளங்கொளத்தக்கது.

கரை கட்டுவதிலும் போட்டியிருந்தது. நீரோட்டத்தை எதிர்க்கரைமேல் மோதச் செய்யும் வண்ணம் சாய்த்துக் கட்டிய தடுப்புகள் இரு மருங்கிலும் பல. ஒருவன் வீட்டுக் கூரைநீரை அடுத்தவன் முற்றத்திற் பாய்ச்சுவது போன்ற செயல் இது. செயின்ட் காலனும் லீக்டன்சுடைனும் 19ஆம் நூற்றாண்டில் தம்முள் உடன்பாடுகள் செய்துகொண்டு இப்போட்டியை ஒருவாறு ஒழித்தன. ஆயினும், மேற்பகுதியில் ஆறு நேராக்கப்பட்டு ஒடுக்கப்பட்டதும், ஆங்குத் தங்கிய சரளை முழுதும் கீழ்ப்பகுதிக்கு இறங்கிற்று. 1862 முதல் சுவிட்சர்லாந்தின் கூட்டரசு நல்கிய பொருளுதவியுடன் செயின்ட் காலன் தன் கரையை உறுதிப்படுத்திய காலத்து, ஆசுத்திரியக் கரையார் அஞ்சியது இதனாலேயாம். அவ்வச்சம் பொய்யன்று.

பொறியியல் வகையில் தீர்வு நெடுங்காலத்திற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. வளைவுகளை ஊடறுத்து நேர்வழி வெட்டின், நீளம் குறையும்; சரிவு மிகும்; ஆறு தன் சுமையைத் தானே ஏரிவரை சுமந்து செல்லும். இங்ஙனம் வெட்டப்படும் புதுவழியை நாம் 'வெட்டாறு' என்றே குறிக்கலாம். தஞ்சைப் பகுதியில் காவிரியின் கிளையொன்று இப்பெயர் தாங்கி ஓடுகின்றது. பொருளை விளக்க இதனினும் சிறந்த சொல் வேண்டுவதில்லை. இரண்டு வெட்டாறுகள் கருதப்பட்டன. ஒன்று, ஏரியையடுத்த பெருவளைவை நீக்கும் பூசாக் வெட்டாறு. மற்றொன்று, அதற்கு மேற்பக்கத்தே உள்ள வளைவை நீக்கும் தீப்போல்ட்சாவு வெட்டாறு. முன்னது பற்றிய கருத்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுந்துவிட்டது. எழுந்த கருத்து உடன்படிக்கையாக உருப்பெற ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கழிந்தது ஏன்?

விடை நிலப்படத்திலேயே உள்ளது. பூசாக் வெட்டாறு முழுதும் ஆசுத்திரிய மண்ணில் வெட்டப்பட வேண்டியது. அதனால் ஆறு விரைந்து வடிதலின் நன்மையைச் சுவிட்சர்லாந்து பெரிதும் நாடிற்று. நிலம் இழப்பவரும், புதிய ஆற்றை வாயிலில் ஏற்பவருமோ பூசாக், ஆர்டு முதலிய ஆசுத்திரிய ஊரார். அவர்கள் மறுத்தனர். தீப்போல்ட்சாவு வெட்டாறோ நேர்மாறானது. அது சுவிட்சர்லாந்தின் மண்ணில் வெட்டப்பட வேண்டியது. அதனை விரும்பியது லுசுத்தெனாவு முதலிய ஊர்களின் நலங்கருதிய ஆசுத்திரியா. செயின்ட் காலனின் இரைன் பொறியாளராயிருந்த யோசுட்டு வை இவ்வெட்டாற்றின் அருமையையும் செலவையும் எடுத்துக்காட்டி ஐயுற்றார். ஆக, ஒவ்வொரு நாடும் பிறர் மண்ணில் வெட்டுதலை விரும்பிற்று. தன் மண்ணில் வெட்டுதலை வெறுத்தது. இரண்டனுள் ஒன்றைத் தனித்து எடுத்துப் பேசிய காலமெல்லாம் பேச்சு முறிந்தது என்பதில் வியப்பில்லை.

முடிச்சை அவிழ்த்தது பொறியாளரின் அளவைகள் அல்ல, வெள்ளமேயாம். 1868இல் சுவிட்சர்லாந்தின் கரை பெருந்துயருற்றது; அந்நாட்டுக் கூட்டரசு 1877இல் நீர்க்கட்டு வேலைகளைக் கண்காணிக்கும் சட்டம் இயற்றியது. 1888இலும் 1890இலும் ஆசுத்திரியக் கரை உடைந்தது. இடக்கரை உறுதியாகக் கட்டப்பட்டுவிட்டமையால் வலக்கரையே ஆற்றுக்கு இளகிய இடமாயிற்று எனல் பொருந்தும். ஈராண்டு கழித்து உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

அவ்வுடன்படிக்கையின் உயிர்நிலை மூன்று கூறுகளில் அடங்கும். இரு வெட்டாறுகளும் பிரிக்கவொண்ணா ஒரே திட்டமாகக் கொள்ளப்பட்டன. மதிப்பிட்ட மொத்தச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 65 இலட்சம் பிராங்கு. இதனை இருநாடும் செம்பாதியாக ஏற்றன. மேற்பார்வை இருநாட்டுப் பேராளரும் அமர்ந்த கூட்டாணைக்குழுவிடம் விடப்பட்டது. செம்பாதிப் பங்கீட்டையே யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். யார் எவ்வளவு நன்மை பெறுவர் என்று எடைபோட்டு அதற்கேற்பச் செலவைப் பிரித்தல் நேர்மையெனத் தோன்றும். ஆனால் வெள்ளம் வாராதொழிந்தமையின் நன்மையை எந்தத் துலாக்கோலால் நிறுப்பது? அவ்வாறு நிறுக்கப் புகுந்திருப்பின் உடன்படிக்கை இன்னும் பல்லாண்டு தாழ்ந்திருக்கும். பாதிக்குப் பாதி என்பது கணக்கறிந்தோர் முறை அன்றாயினும், அண்டைவீட்டார் முறையாகும். சுவிட்சர்லாந்தின் பாதியிலும் பெரும்பகுதியைக் கூட்டரசே தாங்கிற்று. எஞ்சியது செயின்ட் காலன் மாநிலத்தைச் சார்ந்தது.

பூசாக் வெட்டாறு 1900ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் குறைந்தது. கற்களைச் சுமத்தற்கெனக் கரையோரமாக இடப்பட்ட சிறிய இருப்புப்பாதை இருநாட்டு எல்லையையும் கடந்து ஓடிற்று. அதன் வண்டிகள் இன்று லுசுத்தெனாவு நகரில் காட்சிப்பொருளாய்ப் போற்றப்படுகின்றன.

இதன்பின்னரே உடன்படிக்கையின் வலிமை சோதிக்கப்பட்டது. தான் விரும்பிய கீழ்வெட்டாற்றைச் சுவிட்சர்லாந்து பெற்றுவிட்டது. தன் மண்ணில் வெட்டவேண்டிய மேல்வெட்டாற்றைக் கைவிடலாமா என்னும் வாதம் அங்கு மீண்டும் தலைகாட்டிற்று. வாதத்தில் உண்மையும் இருந்தது. தீப்போல்ட்சாவு நிலம் மட்கிய செடிகொடிகளாலான, பஞ்சுபோல் அமுங்கும் கரிய மண். அதன்மேல் இட்ட கரை தன் பாரத்தாலேயே தாழ்ந்தது. எனினும் ஆசுத்திரியா விட்டுக்கொடுக்கவில்லை. உடன்படிக்கையின் சொற்களும் இடந்தரவில்லை. 1909 அளவில் பணி தொடங்கிற்று. 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. 1918இல் கையொப்பமிட்ட பேரரசே மறைந்தது. 1919 மே மாதம் போரார்ல்பெர்க்கு மக்களுள் ஐந்தில் நால்வர், சுவிட்சர்லாந்தோடு இணைதல் பற்றிப் பேசவேண்டுமென வாக்களித்தனர், அவ்விணைப்பு நிகழவில்லை. எல்லையே மாறிவிடுமோ என்றிருந்த அக்காலத்தும் எல்லையாற்றின் வேலை நின்றொழியவில்லை. 1923 ஏப்பிரல் 18ஆம் நாள் புதுவழியில் நீர் விடப்பட்டது. நீளம் மேலும் 3 கிலோமீட்டர் குறைந்தது.

ஆறு இடம் மாறியும் எல்லை மாறவில்லை என்பது இங்குக் குறிக்கத்தக்கது. எல்லை பழைய இரைன் வழியே நின்றது. அதனால் ஆசுத்திரியாவின் ஓக்சுட்டு, கைசாவு என்னும் ஊர்கள் புதிய ஆற்றின் இடக்கரையிலும், சுவிட்சர்லாந்தின் தீப்போல்ட்சாவு வலக்கரையிலும் அமைந்தன. ஆளுக்கொரு பக்கம் ஆற்றுக்கு அப்பால் ஊர் கிடைத்தமை, செலவுப் பங்கீட்டைப் போலவே ஒத்த எடையாய் அமைந்துவிட்டது.

நிலவடிப்புக்கெனச் செய்யப்பட்டவை அவ்வந்நாட்டின் தனிவேலைகள். செயின்ட் காலன் பக்கத்தில், உயர்ந்த ஆற்றில் கலக்கவியலாத ஓடைகளையெல்லாம் திரட்டி ஆற்றுக்கு இணையாகக் கொண்டுசெல்லும் உள்நாட்டுக் கால்வாய் 1906 அளவில் முடிவுற்றது. ஆசுத்திரியப் பக்கத்தில் தோர்ன்பிர்ன் ஓடை புதிய இரைனுக்கு அருகே தனிவழியில் ஏரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உடன்படிக்கையில் இடம்பெறாத லீக்டன்சுடைன், 1927 செப்டம்பரில் சான் என்னும் ஊரருகே கரை உடைந்து நாட்டின் தாழ்நிலம் மூழ்கிய பின்னரே, 1931 முதல் 1943 வரை தன் உள்நாட்டுக் கால்வாயை வெட்டி முடித்தது.

வெட்டாறுகள் எல்லாவற்றையும் தீர்த்தன அல்ல. ஆறு சுமந்த வண்டல் பிரெகன்சு விரிகுடாவைத் தூர்க்கத் தொடங்கிற்று; கரைகளை ஏரிக்குள் நெடுந்தொலைவு நீட்டவேண்டியதாயிற்று. 1924, 1954 ஆகிய ஆண்டுகளில் புதிய உடன்படிக்கைகள் வரையப்பட்டன. அதன் பயனாக நொடிக்கு 3,100 கனமீட்டர் நீரைத் தாங்குமளவுக்கு ஆறு சீர்செய்யப்பட்டது. 2024 மே 17ஆம் நாள் நான்காம் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அத்தாங்குதிறனை 4,300 கனமீட்டராக உயர்த்துவது அதன் நோக்கம். மதிப்பீடு ஏறத்தாழ 200 கோடி பிராங்கு; பங்கீடு பண்டுபோல் பாதிக்குப் பாதி. பணத்தைப் பற்றிய வழக்கு இம்முறை பெரிதாக எழவில்லை. நெடிய வாதத்திற்கு இடமாயிருப்பவை, இரு கரைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஊராட்சிகள் தோண்டியுள்ள குடிநீர்க் கிணறுகளும், ஆறு அகலுமிடத்து மறையவிருக்கும் உழவர் புல்வெளிகளுமேயாம்.